பின்னிணைப்பு இ

ஆய்வேட்டைக் களஞ்சியத்தில் ஏற்றுமுன்
மூன்று கேள்வி கேட்பேன்.
உன்னுடையதுதானே?
இதனால் யாருக்காவது காயம் உண்டா?
எப்போது திறக்கலாம்?

ரிஸ்டின் மூன்றாவதற்குத்தான் நிமிர்ந்தாள்.
"இப்போதே."
இரண்டாவதற்கு என்ன சொன்னாள் என்று நினைவில்லை.
நவம்பர். இரண்டு மணிக்கே இருட்டிவிடும் ஊர்.
எனக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம்.

நூற்றுப் பதினெட்டுப் பக்கம்
முல்ட்டேப் பழத்தைப் பற்றி.
ஒரு தண்டுக்கு ஒரு பூ,
ஒரு பூவுக்கு ஒரே பழம்.
ஊரில் எல்லாம் பழுத்தால் சிவக்கும்,
இது சிவந்து முடித்த பிறகு பழுக்கும்,
விளக்கொளி நிறத்துக்கு.
ஆண் செடி வேறு பெண் செடி வேறு.
எந்தச் சதுப்பில் விளைகிறது என்பதை
இந்த வடகரையில்
கட்டிய புருஷனிடமும் சொல்வதில்லை.

ரிஸ்டின் வரைபடமே போட்டிருந்தாள்.
பதினொரு புள்ளிகள்,
ஒவ்வொன்றுக்கும் ஆறு தசம இடம்.

ஜனவரியில் தொலைபேசி.
"நான் பேரித். அவள் பெரியம்மா.
எட்டாவது புள்ளி என்னுடையது."

பழகிய பாடத்தை ஒப்பித்தேன்:
பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு,
பொதுமக்கள் படிக்க வேண்டும்,
நீங்களும் வரி கட்டியவர்தானே, அம்மா.

"வரியும் கட்டினேன்,
நாற்பது வருஷம் வாயையும் கட்டினேன்.
எதைத் திருப்பித் தரப்போகிறாய்?"

ரிஸ்டின் காது சிவக்க வந்து
கையெழுத்துப் போட்டாள்.
ஆய்வேடு திறந்திருக்கும்,
பின்னிணைப்பு இ மட்டும் மூடப்படும்.
அதற்குள் நான்கு பதிவிறக்கம்.
ஒன்று அவளுடையது,
ஒன்று பேராசிரியருடையது,
ஒன்று ராட்டர்டாமிலிருந்து, யாரோ.
மற்றது
கோப்பு சரியாகத் திறக்கிறதா என்று
சரிபார்க்க நான் எடுத்தது.

ஆகஸ்டில் சும்மா பார்க்கத்தான் போனேன்.
வாளி எதற்கு என்று என் மனைவி கேட்கவில்லை.
எட்டாவது புள்ளியில்
சாம்பல் நிறச் சட்டை ஒன்று
குனிந்து குனிந்து நகர்ந்துகொண்டிருந்தது.
பிர்ச் மரத்துக்குப் பின்னால்
கொசுக்களுக்கு ரத்தம் கொடுத்தபடி
அரை மணி நேரம் நின்றேன்.
பிறகு ஐந்தாவது புள்ளிக்குப் போனேன்.

மறு வசந்தத்தில் சுரங்கத்துக்குச் சாலை வந்தது,
முதலில் காகிதத்தில்.
நிறுவனத்தின் அறிக்கை சொன்னது:
"இவ்வழியில் குறிப்பிடத்தக்க விளைநிலம்
எதுவும் பதிவில் இல்லை."
பொய்யும் இல்லை.
பதிவைப் பூட்டியவன் நான்.
முழுச் சதுப்பையும் ஒரு சொடுக்கில் மறைத்திருந்தேன்.

"பேரித் பேசுகிறேன். திற."
ஆய்வாளர் சம்மதிக்க வேண்டுமே, விதி இருக்கிறது.
"விதியை நீ பார், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்."

சால்மன் படகில் வேலைக்குப் போயிருந்த ரிஸ்டின்
அலைபேசிக்குக் கோபுரம் கிடைத்த இரவு இரண்டு மணிக்கு
ஒரே சொல் அனுப்பினாள்.
காலையில் திறந்தேன்.

ஒன்பது. நாற்பது. முந்நூற்றுப் பன்னிரண்டு.
நகராட்சி, நிறுவனத்தின் பொறியாளர்கள்,
ஏதோ ஒரு பள்ளிக்கூடம்,
மறுபடி ராட்டர்டாம்.
கூட்டத்தில் பின்னிணைப்பை உரக்க வாசித்தார்களாம்,
எண் எண்ணாக,
தசமம் விடாமல்.
எட்டாவதற்கு வந்தபோது
பேரித் எழுந்து
வெளியே போய்விட்டாராம்.

சாலை பற்றி இன்னும் முடிவு வரவில்லை.
ஆகஸ்ட் வந்துவிட்டது.

நேற்று இரவு தொலைபேசி.
"இன்றைக்கு எண்ணினேன்.
பதினேழு கார்."

என்ன சொல்வதென்று தெரியவில்லை.
மேசையில் என் வாளி,
இன்னும் கழுவாமல்.

"ஒன்று உன்னுடையது,"
என்றார்.
"போன வருஷமும் அது நின்றது."